நெற்றிக்காசு

சுப்பனின் கைபேசி அடித்தால் ஊரில் யாரோ இறந்துவிட்டார்கள் என்று பொருள். வேறு எதற்கும் அந்த எண்ணை யாரும் அழுத்துவதில்லை. மழை வருமா, நெல் என்ன விலை போகிறது, கடைசி பஸ் போய்விட்டதா என்று அவரிடம் கேட்க ஊரில் ஓர் ஆள் கிடையாது. அதனால் மணி அடிக்கும்போதெல்லாம் அவருக்கு இரண்டு விதமாக இருக்கும். யாரோ போய்விட்டார்களே என்று வருத்தம் வரும். நம்மையும் ஒரு குரல் பேர் சொல்லிக் கூப்பிடுகிறதே என்று மனதின் ஒரு மூலையில் இதமாகவும் இருக்கும். அந்த இதத்துக்காக அவர் தன்னையே திட்டிக்கொள்வார்.

பெருநகரிலிருந்து உத்திரமேரூர் போகிற வழியில், செய்யாற்றை ஒட்டிய சின்ன ஊர் அது. வீடுகள் முடிந்து, வயல் முடிந்து, கருவேல மரங்கள் தொடங்குகிற இடத்தில் சுடுகாடு. அதன் ஓரத்தில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை வீடு. அப்பாவுக்குப் பிறகு சுப்பன்தான் அந்த ஊருக்கு வெட்டியான். பிள்ளைகள் இல்லை. மனைவி வள்ளியம்மா இருந்தவரை அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது. அவள் போன பிறகு, காற்றடித்தால் தகரம் பேசும். அவ்வளவுதான்.

காலையில் ஊர் முனையில் இருக்கும் டீக்கடைக்கு நடந்து போவார். கடைக்காரர் பெயர் தமிழ்வாணன். முன்பெல்லாம் சுப்பனுக்கென்று தனியாக ஒரு டம்ளர் கூரை இடுக்கில் செருகியிருக்கும். குடித்துவிட்டு அவரே கழுவி, அவரே செருக வேண்டும். பிறகு பேப்பர் கப் வந்தது. எல்லோருக்கும் ஒரே கப், குடித்ததும் தூக்கிப் போட வேண்டியதுதான். முதல் நாள் சுப்பனுக்கு ரொம்பச் சந்தோஷம். ஆனால் தமிழ்வாணன் மற்றவர்களுக்குக் கையில் கொடுத்தார். சுப்பனுடைய கப்பை மட்டும் மதில் மேல் வைத்துவிட்டு விரலை எடுத்துக்கொண்டார். கப் ஒன்றாகிவிட்டது, கை இன்னும் ஒன்றாகவில்லை.

ஒரு நாள் காலை, மதிலோரம் நின்று டீ ஆறுவதற்காகக் காத்திருந்தபோது அந்தப் பேச்சு அவர் காதில் விழுந்தது. பெரிய வீட்டு மோகன்குமார் பெஞ்சில் உட்கார்ந்து கைபேசியில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். நெல் வயலும் டிராக்டரும் வைத்திருப்பவர். நாற்பது வயதைத் தாண்டியவர்.

“பாத்தியா தமிழு, வெள்ளைக்காரன் காலத்து ஒத்த ரூபாய்க்கு லட்சக்கணக்குல தர்றானாம்.”

“வுடு மோகனு. போன்ல வர்றதெல்லாம் ஒரே பீலா.”

“பீலாவா இருந்தா இத்தினி பேரு பாப்பானா? எங்க வூட்ல கூட இருந்துச்சிபா. எங்க தாத்தா முத்துகிருஷ்ணன் செத்தப்போ நெத்தியில வெச்சாங்களாமே, அது கூட ராஜா தலை போட்ட காசுதானாம்.”

“நெத்தியில வெச்சிட்டா அப்புறம் ஏது? சுடுகாட்டோட பூடும். வெட்டியான் கைக்குப் போற காசு அது.”

சொல்லி முடித்த பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மதிலோரம் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை வருடத்தில் அவர்கள் சுப்பனின் முகத்தை அப்படி நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. சுப்பன் டீயை அவசரமாக விழுங்கி நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

அந்தப் பக்கத்தில் இறந்தவரைக் குளிப்பாட்டி, நெற்றியில் சந்தனம் அப்பி, அதன் மேல் ஒரு ரூபாய்க் காசை ஒட்டுவார்கள். சிதையில் வரட்டி அடுக்கி, வைக்கோல் போர்த்தி, மண் பூசுவதற்கு முன்னால், முகத்தைக் கடைசியாகப் பார்க்கிறவர் வெட்டியான்தான். நெற்றிக்காசை எடுத்துக்கொள்வது அவருடைய உரிமை. இப்போது வருகிற காசுகளைச் சுப்பன் டீக்கும் பீடிக்கும் செலவழித்துவிடுவார். பழைய வெள்ளி ரூபாய்களை மட்டும் அவருடைய அப்பாவும் தொடவில்லை, அவரும் தொடவில்லை.

“நெத்திக் காசக் கழுவாதடா. அது மேல கீறது அவங்க கடசியா வெச்சிக்கினு போன சந்தனம்” என்று அப்பா சொல்லியிருந்தார். அதனால் அந்தக் காசுகள் எந்த நெற்றியிலிருந்து வந்தனவோ அந்தக் கோலத்திலேயே, துணியில் மடிக்கப்பட்டு, வள்ளியம்மாவின் காலி பவுடர் டப்பாவில் இருந்தன. மாலையில் சமையல் ஆன பிறகு சுப்பன் துணியை விரித்து அவற்றை வரிசையாக வைப்பார். ராணி தலை, தாடி வைத்த ராஜா தலை, கிரீடம் போட்ட ராஜா தலை என்று அவர் அவற்றைப் பிரித்துப் பார்த்ததில்லை. இது மேட்டுத்தெரு பொன்னம்மா, இது தலையாரி நாகப்பன், இது ஏரியில் மூழ்கிப்போன வாத்தியார் என்றுதான் அவருக்கு அடையாளம். அவர்களோடு பேசிக்கொண்டே சாப்பிடுவார். உயிரோடு இருந்தபோது அவரோடு ஒரு வார்த்தை பேசாதவர்கள்தான் அவர்களில் பாதிப் பேர். இப்போது எழுந்து போக முடியாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலமே பைக் சத்தம் கேட்டது.

“சுப்பண்ணே.”

யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சுப்பன் திரும்பிப் பார்த்தார். பின்னால் கருவேல மரம்தான் இருந்தது. ஊரில் சின்னப் பையன்கூட அவரை ‘டேய் சுப்பா’ என்றுதான் கூப்பிடுவான். மோகன்குமார் பைக்கை விட்டு இறங்காமல் சிரித்தார்.

“இன்னா நைனா, யாருன்னா பூட்டாங்களா?”

“சேச்சே, யாரும் சாவல. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

சும்மா பார்த்துவிட்டுப் போக அந்த வீட்டுக்கு யாரும் வந்ததில்லை. சுப்பன் சாக்கை உதறிப் போட்டார், குடத்துத் தண்ணீரை எட்டிப் பார்த்தார், கொடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அதை அப்படியே விட்டார். காசு பற்றிக் கேட்டதும் மறைக்கத் தோன்றவில்லை. துணியை விரித்துக் காட்டினார்.

மோகன்குமார் இப்போதுதான் பைக்கை விட்டு இறங்கினார். குனிந்து பார்த்தார்.

“இதுல எங்க தாத்தாது எது?”

“இதோ, இதான் நைனா. எனக்கு மொத பொணம் அவருதான். எங்கப்பன் பக்கத்துல நின்னுக்கினு எடுக்கச் சொன்னான். தாத்தா நெத்தியில ஆழமா ஒரு மடிப்பு இருந்துச்சி, சந்தனம் நிக்கல. ரெண்டு தபா அப்புனாங்க. உங்களுக்கும் அதே மடிப்புதான்.”

மோகன்குமார் தன் நெற்றியை ஒரு முறை தடவிக்கொண்டார். பிறகு கைபேசியை எடுத்து ஒவ்வொரு காசாகப் படம் பிடித்தார். கடைசியில் ஓரமாக இருந்த ஒரு காசை எடுத்தவர் முகத்தைச் சுளித்தார்.

“இது இன்னாண்ணே, சாதா ஒத்த ரூபா? இத்தப் போயி இதுங்கூட வெச்சிக்கினு கீற.”

விரலால் சுண்டிப் போட்டார். அது உருண்டு போய் மண்ணில் விழுந்தது. சுப்பன் அதைப் பொறுக்கித் துணியின் நடுவில் வைத்தார்.

சில நாள் கழித்து மோகன்குமார் மறுபடி வந்தார். இந்த முறை முகத்தில் அவசரம் இருந்தது. காஞ்சிபுரத்தில் ஞானதாஸ் என்று ஒருவர், பழைய காசு சேர்ப்பவர், படங்களைப் பார்த்துவிட்டு உடனே பேச வேண்டும் என்றாராம். கைபேசியில் அவரைக் கூப்பிட்டு, சுப்பனுக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினார்.

“உங்க தாத்தா காசைக் கையில எடுங்க. ஓரத்தைப் பிடிச்சுத் தூக்குங்க” என்றது அந்தக் குரல். “என்ன வருஷம் போட்டிருக்கு?”

“ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொண்ணு.”

“ராஜா போட்டிருக்கிற அங்கியில ஒரு குட்டி யானை தெரியுதா?”

மோகன்குமார் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். “யானையா? பன்னி மாரி கீது சார்.”

“அதேதான் சார், அதேதான்.” அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. “தும்பிக்கையைச் சரியா வெட்டல. ஜனங்க அதைப் பன்னின்னு நெனச்சுக்கிட்டு, கையால வாங்க மாட்டோம்னுட்டாங்க. சர்க்கார் திரும்ப வாங்கி உருக்கிடுச்சு. தப்பிச்சதுதான் இப்ப நம்மகிட்ட இருக்கு. வீடியோல சொல்ற விலையெல்லாம் நம்பாதீங்க, அது ஏமாத்து வேலை. ஆனா இது நெசமாவே நல்ல விலைக்குப் போகும். ஏன்னா இது கடை கண்ணிக்கே போகாத காசு மாதிரி இருக்கு. மேல கறுப்பும் நீலமுமா ஒரு படலம் தெரியுது பாருங்க. அது தானா ஏறினது. அதுக்கு அடியில அச்சடிச்ச அன்னிக்கு இருந்த பளபளப்பு அப்படியே இருக்கும். காசோட தரம் பாத்து மார்க் போடறவங்க மொதல்ல அதைத்தான் பார்ப்பாங்க. கழுவாதீங்க. துடைக்காதீங்க. ஞாயித்துக்கிழமை நானே வர்றேன்.”

யாரும் கையால் வாங்க மாட்டேன் என்று ஒதுக்கிய காசு. சுப்பனுக்கு அது ஒன்றுதான் மனதில் நின்றது. அந்த ராஜாவின் முகத்தை அன்று அவர் புதிதாகப் பார்த்தார்.

மோகன்குமார் குரலைத் தணித்தார். “நாயமாப் பாத்தா அது எங்க வூட்டுக் காசு. ஆனா நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வித்தா உனக்கும் ஒரு பங்கு.”

“பங்கெல்லாம் இன்னாத்துக்கு நைனா.”

“அட, கேளு. ஞாயித்துக்கெழம நீயும் வூட்டுக்கு வா. அந்த சாரும் வர்றாரு. எல்லாம் ஒண்ணா ஒக்காந்து சாப்புடலாம். இனிமே நீயும் நம்ம வூட்டு மனுசன்தான்.”

அதற்குப் பிறகு மோகன்குமார் சொன்ன எதுவும் சுப்பன் காதில் ஏறவில்லை. ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம் என்று ஒருவர் சொல்லிவிட்டார். அதற்கு முன்னால் ஒரு வெள்ளிக் காசு என்ன பெரிது. அன்றே அதைத் துணியில் மடித்துக்கொண்டு பைக்கின் பின்னால் நடந்தே ஊருக்குள் போனார்.

பெரிய வீட்டின் கேட்டருகே மோகன்குமாரின் மனைவி கனகா எவர்சில்வர் தட்டு ஒன்றோடு நின்றிருந்தாள்.

“இதுல போட்டுடுங்க.”

கையில் வாங்கவில்லை. காசு தட்டில் விழுந்து ஒலித்தது. உள்ளே செருப்பைக் கழற்றிக்கொண்டே மோகன்குமார் ஏதோ சொன்னார். கனகா தலையாட்டினாள். திரும்பி நடந்தபோது சுப்பனுக்குப் பின்னால் குழாய் திறக்கிற சத்தமும், தேங்காய் நார் போட்டு எதையோ வறட்டு வறட்டென்று தேய்க்கிற சத்தமும் கேட்டன. பாத்திரம் தேய்க்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைக்காகச் சுப்பன் பெருநகருக்குப் போய் முடிவெட்டிக்கொண்டார். ஒரு கல்யாணத்துக்கென்று வள்ளியம்மா வாங்கி, அந்தக் கல்யாணத்துக்கு யாரும் கூப்பிடாததால் போடாமலே வைத்திருந்த வெள்ளைச் சட்டையை எடுத்து அணிந்தார். மடிப்பு கலையாமல் நடக்க வேண்டும் என்பதற்காக வரப்பில் மெதுவாகவே நடந்தார்.

கனகா அவரைப் பார்த்ததும் மாட்டுக் கொட்டகைப் பக்கம் கை காட்டினாள். “அங்க நாற்காலி போட்டுக்கீது. ஒக்காருங்க. கூப்புடறேன்.”

கால் ஒன்று விண்டுபோன பிளாஸ்டிக் நாற்காலி. அசைந்தால் சாயும். சுப்பன் அசையாமல் உட்கார்ந்தார். உள்ளேயிருந்து குழம்பு வாசனை வந்தது. சன்னல் திறந்திருந்தது. ஞானதாஸின் குரலை அவர் அடையாளம் கண்டுகொண்டார். முதலில் சிரித்துப் பேசினார். பிறகு பை திறக்கிற சத்தம். அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை.

“இதைத் தேய்ச்சது யாரு?”

“யாரும் தேய்க்கல சார். நீங்க சொன்னாப்பல கழுவக்கூட இல்ல.”

“புளி வாசனை வருது சார்.”

“அதுவா. தீட்டுக் கழிச்சோம். வேற ஒண்ணும் பண்ணல.”

“எப்படிக் கழிச்சீங்க?”

இப்போது கனகாவின் குரல் கேட்டது. “புளி, உப்பு, அடுப்புச் சாம்பல் போட்டுத் தேய்ச்சி, மஞ்சத் தண்ணில அலசி எடுத்தேங்க. சுடுகாட்டுலர்ந்து வந்த காசு. அதுவும் வெட்டியான் கையில கெடந்தது. அப்படியே எப்படி வூட்டுக்குள்ள சேக்கறது?”

ஞானதாஸ் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். “இந்த லென்ஸ் வழியாப் பாருங்க. ராஜா முகம் பூரா கீறல். அந்தப் படலமும் போச்சு, அடியில இருந்த பளபளப்பும் போச்சு. இதுக்கு இனிமே மார்க்கே போட மாட்டாங்க. தேய்ச்ச காசுன்னு சொல்லி ஒதுக்கிடுவாங்க. வெள்ளி விலைக்கு மேல கொஞ்சம் கெடைக்கலாம். அவ்வளவுதான்.”

“அறிவு கீதாடி உனக்கு? கழுவாதன்னு சொன்னாரில்ல?”

“நீங்கதான சொன்னீங்க, தீட்டக் கழிச்சிட்டு உள்ள எடுத்துக்கினு வான்னு. கழுவறதும் அதுவும் ஒண்ணுன்னு உங்களுக்கே தோணல. எனக்கு எப்படித் தோணும்?”

ஞானதாஸ்தான் மறுபடியும் பேசினார். “போட்டோல நல்லாத்தானே இருந்தது. இத்தனை வருஷம் இதை அப்படிக் காப்பாத்தி வெச்சிருந்தது யாரு?”

கனகா சன்னலைப் பார்த்தாள். ஞானதாஸ் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். மாட்டுக்கும் வைக்கோலுக்கும் நடுவில், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, சாய்கிற நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்த மனிதரைக் கண்டார்.

அவர் வெளியே வந்து கையை நீட்டினார். சுப்பனுக்கு அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. தன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நீட்டினார். ஞானதாஸ் அதை இறுக்கிப் பிடித்துவிட்டு, இன்னொரு கையில் இருந்த காசைக் காட்டினார்.

சுப்பனுக்கு முதலில் அது வேறு காசு என்றுதான் தோன்றியது. எவர்சில்வர் கிண்ணம் மாதிரி பளீரென்று இருந்தது. முத்துகிருஷ்ணன் நெற்றியில் இரண்டு முறை அப்பிய சந்தனத்தின் சுவடு இல்லை. எந்த முகத்தோடு அவர் சாப்பாட்டு நேரத்தில் பேசிக்கொண்டிருந்தாரோ, அந்த முகம் அதில் இல்லை. அந்தத் தேங்காய் நார்ச் சத்தம் இப்போதுதான் அவருக்கு விளங்கியது.

மோகன்குமார் வாசலுக்கு வந்திருந்தார். கனகா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சுப்பன் குரலை உயர்த்தவில்லை. “இந்தக் காசு எங்கிட்ட இத்தினி வருசம் கெடந்துச்சி நைனா. சுடுகாட்டுல, வெட்டியான் வூட்ல, பவுடர் டப்பால கெடந்துச்சி. ஒரு கீறல் வுழல. உங்க வூட்டு வாசல்ல ஒரு நாழி இருந்துச்சி. மொகத்தையே உரிச்சிட்டீங்க. நீங்க தேய்ச்சது காச இல்ல, என் கைய. அது போவாதுன்னு தெரிஞ்சிதான் இத்தினி அழுத்தித் தேய்ச்சீங்களா?”

நாற்காலியை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு நடந்தார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. ஞானதாஸும் அங்கே சாப்பிடவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார். பஸ் வர இன்னும் வெகு நேரம் இருந்தது.

அதற்குப் பிறகு பைக் சத்தம் கேட்கவில்லை. டீக்கடையில் மோகன்குமார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கப் எப்போதும்போல மதில் மேல் வந்தது. ‘அண்ணே’ என்ற சொல் அந்த ஊரில் அவருக்காக வந்து, தங்காமல் போய்விட்டது. முன்பு தனியாக இருந்தது அவருக்குப் பழகிப்போயிருந்தது. ஒரு சாப்பாட்டுக்கு ஆசைப்பட்டுக் காத்திருந்த பிறகு அதே தனிமை இன்னும் கனமாக இருந்தது. மாலையில் துணியை விரித்தால் தலையாரிக்கும் பொன்னம்மாவுக்கும் நடுவில் ஓர் இடம் காலியாகக் கிடந்தது. காசுகளோடு பேச வாய் வரவில்லை. கறியில்லாத சோற்றைத் தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டார்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் பகலில் கைபேசி அடித்தது. தெரியாத எண். சுப்பன் மண்வெட்டியை எட்டி எடுத்துக்கொண்டே காதில் வைத்தார்.

“யாரு பூட்டாங்க?”

“யாரும் பூடலண்ணே. நான் கனகா பேசறேன். வூட்ல கீறீங்களா?”

அவர் கைபேசியைக் காதிலிருந்து எடுத்து ஒரு முறை பார்த்தார்.

“ஆத்து வளைவுல நின்னுக்கினு கீறேன். அங்க வரலாமா?”

அந்த ஊரில் பெண்கள் ஆற்று வளைவைத் தாண்டிச் சுடுகாட்டுப் பக்கம் வருவதில்லை. பெற்ற பிள்ளையே ஆனாலும் பிணத்தின் பின்னால் அந்த வளைவு வரைதான். கனகா அதைத் தாண்டி வந்தாள். செருப்பில் கருவேல முள் குத்தி, அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வந்தாள். இந்த முறை அவள் கையில் தட்டு இல்லை. உள்ளங்கையைத் திறந்தாள். காசு வியர்வையில் நனைந்திருந்தது.

“உங்களுதுண்ணே. கையை நீட்டுங்க.”

அவள் கையிலிருந்து அது நேராக அவர் கைக்கு வந்தது. விரல்கள் பட்டன. அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

“வெயில்ல வந்துகீறீங்க…” என்று சுப்பன் குடத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். கனகாவே போய் டம்ளரில் மொண்டு குடித்தாள். பிறகு சாக்கின் மேல் உட்கார்ந்தாள்.

“அன்னிலர்ந்து எனக்குத் தூக்கமே இல்லண்ணே. வெல போச்சேன்னு இல்ல. நான் அந்தக் காச எவ்ளோ அழுத்தித் தேய்ச்சேன்னு எனக்குத்தான தெரியும். நார் கிழிஞ்சி விரல்ல ரத்தம் வந்துச்சி. அப்பவும் வுடல. இன்னாத்த அப்படித் தேய்ச்சேன்னு யோசிச்சிப் பாத்தா, அது மேல எந்த அழுக்கும் இல்ல. எங்க மாமனாரு செத்தப்போ அவர நீங்கதான தொட்டுத் தூக்கி வெச்சீங்க. நாளிக்கு நான் செத்தாலும் நீங்கதான் வரணும். செத்த பொறவு தொடலாம், உசுரோட கீறப்போ தொட்டா தீட்டுன்னா, அது இன்னா நாயம்? தீட்டுன்னு ஒண்ணு கீதுன்னா அது பொணத்துல இல்லண்ணே, உங்க கையில இல்ல. மனுசன மனுசன் தொட மாட்டேன்னு ஒதுக்கற நெனப்புலதான் கீது. தேய்க்கறதா இருந்தா அத்தத்தான் தேய்க்கணும்.”

சுப்பன் தலையைக் குனிந்துகொண்டார். “நைனா இன்னா சொல்றாரு?”

“அவருக்கு இன்னும் காசு போன கோவம்தான். மத்தது ஒறைக்க நாளாவும். நான் சொல்லிக்கினேதான் இருப்பேன்.”

சுப்பன் பவுடர் டப்பாவை எடுத்து வந்து துணியை விரித்தார். தாத்தாவின் காசைக் காலியான இடத்தில் வைத்தார். கறுத்த காசுகளின் நடுவில் அது மட்டும் அந்நியமாக மின்னியது. கனகாவின் கண் அதற்குக் கீழே இருந்த ஒன்றில் நின்றது. இப்போது கடையில் புழங்குகிற சாதாரண ஒரு ரூபாய்.

“இது யாரோடதுண்ணே?”

அதை அவரிடம் யாரும் கேட்டதில்லை. “என் வூட்டுக்காரியோடது. அவள எரிக்க வேற யாரு வருவா? நானே வெச்சேன், நானே எடுத்தேன்.”

கனகா அந்தக் காசை ஓரத்தைப் பிடித்து எடுத்தாள். சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்த பக்கத்தில் விரல் படாமல் பார்த்துக்கொண்டாள். வெயிலில் கொஞ்ச நேரம் ஏந்திப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

“அவங்க பேரு இன்னா?”

“வள்ளியம்மா.”

“வள்ளியம்மா” என்று அவள் ஒரு முறை சொன்னாள். பிறகு எழுந்து புடவையைத் தட்டினாள். “நாளிக்கு காலைல நாஷ்டாக்கு வூட்டுக்கு வாங்கண்ணே. உள்ள.”

“வர்றேம்மா. ஆனா அந்தக் காலு விண்ட நாற்காலி வாணாம். அசையாம ஒக்காந்து இடுப்பு புடிச்சிக்கிச்சி.”

“கீழ பாய் போட்டுக்கலாம். எல்லாரும் கீழதான்.”

அவள் முள் பார்த்து நடந்து ஆற்று வளைவில் மறைகிற வரை சுப்பன் நின்று பார்த்தார். கைபேசி அடித்தபோது எடுத்த மண்வெட்டி வாசலிலேயே கிடந்தது. அதைச் சுவரில் சாய்த்து வைத்தார். மணி அடித்திருந்தது, ஊரில் ஒருவரும் இறந்திருக்கவில்லை.